மூளை அதிர்ச்சி அல்ல, மூளையதிர்வு

கிரிக்கெட்டில் பவுன்சர் தலைக்கவசத்தில் பட்டு ஒருவர் தள்ளாடினால் போதும், ஆங்கிலத்தில் கன்கஷன் எனப்படுவதை ‘மூளை அதிர்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். அவருக்குப் பதில் வருகிறவர் ‘மூளை அதிர்ச்சி மாற்று வீரர்’. இடம் போதாத தலைப்பில் அது ‘அதிர்ச்சி மாற்று வீரர்’ என்று சுருங்கினால், எதிர்பாராமல் யாரையோ இறக்கி எதிரணியைத் திகைக்க வைத்தார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க் வீசிய பந்து இந்தியாவின் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பட்டது. மாற்றாக வந்த சாகல் மூன்று விக்கெட் எடுத்தார். அந்த ஆட்டத்துக்கு அப்படி ஒரு தலைப்பு இட்டால் இரண்டு பொருளும் பொருந்தும். வீரரின் மூளைக்கு என்ன ஆனது என்பது மட்டும் காணாமல் போகும்.

கன்கஷன் என்பதன் வேர் லத்தீன். ‘கொன்குட்டெரே’ என்றால் பலமாகக் குலுக்குதல். ஜெர்மன் மொழியிலும் இதற்கு ‘மூளைக் குலுக்கம்’ என்ற பொருளில்தான் சொல். வேர் இவ்வளவு போதும்.

தமிழில் அதிர் என்ற ஒரே வினையிலிருந்து அதிர்வு, அதிர்ச்சி இரண்டும் பிறந்தவை. பழைய வழக்கில் பொருள் ஒன்றுதானே என்று வாதிடுவோர் உண்டு. வாதம் சரி, ஆனால் காலம் மாறிவிட்டது. உணர்வும் உணர்ச்சியும் ஒரே வினையில் பிறந்தவைதாம். ‘உணர்விழந்தான்’ என்பதற்குப் பதிலாக ‘உணர்ச்சியிழந்தான்’ என்று இன்று யாராவது எழுதுவார்களா? அதேபோல் அதிர்ச்சி மனத்தின் பக்கம் போய்விட்டது. சாவுச் செய்தி கேட்டால் அதிர்ச்சி. நிலமும் கம்பியும் தண்டவாளமும் அடைவது அதிர்வு. போதாததற்கு, இரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு இரத்தம் போகாமல் உயிர் ஊசலாடும் நிலைக்கும் மருத்துவத் தமிழில் அதிர்ச்சி என்றே பெயர். அதற்கும் மூளையதிர்வுக்கும் முதலுதவி வேறு, ஆபத்து வேறு. ஒரு பாடநூலில் ஒரே சொல் இரண்டையும் குறித்தால் படிக்கிற செவிலியர் எதை எடுத்துக்கொள்வார்?

மூளையில் நடப்பதும் அதிர்வேதான். தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ உள்ளே மூளை குலுங்கி, நரம்பிழைகள் இழுபடுகின்றன. உயிரணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டியிருக்கும் நேரத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது. கோளாறு இயக்கத்தில் என்பதால் வழக்கமான சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆகவே ‘தலைக்காயம்’ என்ற பெயரும் உதவாது. காயம் என்றதும் இரத்தத்தைத் தேடுவார்கள், காணாவிட்டால் விளையாட அனுப்பிவிடுவார்கள். தலையில் அடியே படாமல், உடம்பில் வாங்கிய இடி தலையை உலுக்கினாலும் மூளையதிர்வு வரும்.

பெயர் தவறினால் மதிப்பீடும் தவறும். அதிர்ச்சி என்றால் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்தால் தெளிந்துவிடும் என்ற எண்ணம் வருகிறது. மூளையதிர்வு அப்படித் தெளிவதில்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டபோது அவர் 80 ரன். சோதனையில் தேறி, திரும்பி வந்து 92-இல் ஆட்டமிழந்தார். மறுநாள் காலை தலைவலியும் மந்தமும். மறுசோதனைக்குப் பின் அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் வரலாற்றில் இந்த வகையில் முதல் மாற்று வீரர் லபுஷேன்தான். அறிகுறி மணிக்கணக்கில் தாமதிக்கலாம் என்பதால்தான், சந்தேகம் தீராத வீரரை அன்று திரும்ப இறக்கக் கூடாது என்பது விதி.

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் பெரிய குழப்பம் செய்யக்கூடிய இடம், மூளையதிர்வு உண்டா என்று பார்க்கும் சோதனைத் தாள். ஸ்காட்6 என்னும் தாளில் 22 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். பத்துச் சொற்களை மூன்று முறை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், ஐந்து நிமிடமாவது கழித்து மறுபடி கேட்பார்கள். கண்ணை மூடி, ஒவ்வொரு நிலையிலும் 20 விநாடி நிற்க வேண்டும். 10 நிமிடத்துக்குக் குறைவாக முடித்தால் அது சோதனையே அல்ல. இதில் ‘மயக்கம் உள்ளதா?’ என்று மொழிபெயர்த்தால் தொலைந்தது. நம் பேச்சில் தலைசுற்றலும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம். ‘தலை சுத்துதா?’ என்பது ஒரு கேள்வி, ‘நினைவு தப்புச்சா?’ என்பது வேறு. மூளையதிர்வு வந்தவர்களில் நினைவு தப்புவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ‘பனிமூட்டத்தில் இருப்பதுபோல் உள்ளதா?’ என்ற கேள்விக்கு ஒரு கபடி வீரன் என்ன சொல்வான்? ‘மண்டை மந்தமா இருக்கா?’ என்றால் உடனே பதில் வரும்.

மாதங்களைப் பின்னிருந்து சொல்லும் பகுதியும் உண்டு. தமிழ்ப்பற்றில் அங்கே பங்குனி, மாசி, தை என்று மாற்றக் கூடாது. டிசம்பர், நவம்பர் என்று பழகிய பையன் மூளை நலமாக இருந்தாலே அதில் தடுமாறுவான்.

‘லேசான மூளை அதிர்ச்சி’ என்ற தொடரையும் விட்டொழிக்க வேண்டும். லேசு என்று கேட்டதும் நாளைக்கே ஆடலாம் என்பார் பயிற்சியாளர். முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டுக்குள் இலகுவான நடமாட்டம், குறைந்த திரைநேரம். பிறகு மெல்ல வேகம் கூட்டும் உடற்பயிற்சி, தனிப்பயிற்சி, மோதலில்லாப் பயிற்சி, முழுப்பயிற்சி, ஆட்டம். படிக்குப் படி குறைந்தது 24 மணி நேரம். தலையில் அடிபட வாய்ப்புள்ள எதற்கும் முன்பு மருத்துவர் ஒப்புதல் வேண்டும். ஆக, எல்லாம் நன்றாகப் போனாலும் ஏறத்தாழ ஒரு வாரம். கழுத்துவலி, திரும்பத் திரும்ப வாந்தி, இரட்டைப் பார்வை, வலிப்பு, கை கால் மரத்தல், கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படிக்கட்டுப் பேச்சே இல்லை, நேராக மருத்துவமனை.

‘மூளைக் கலக்கம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பைத்தியம் பிடித்ததுபோல் ஒலிப்பதால் அதை ஏற்க முடியாது. ஆனால் ஊர்ப் பேச்சில் ‘அடிச்ச அடியில பொறி கலங்கிப்போச்சு’ என்பார்கள். கண், காது முதலான ஐம்பொறியும் நிலைகுலைந்ததை அப்படியே சொல்லும் தொடர் அது. மருத்துவச் சீட்டில் மூளையதிர்வு என்று எழுதுங்கள். வர்ணனையில் நாக்கு வராவிட்டால் கன்கஷன் என்றே சொல்லுங்கள், புரியாத கடன்சொல்லுக்கு ஒருவர் பொருள் கேட்டுக்கொள்வார், தவறான தமிழ்ச்சொல்லுக்குக் கேட்க மாட்டார். எல்லைக்கோட்டருகே குனிந்து பையனிடம் விசாரிக்கும்போது மட்டும், ‘பொறி கலங்கின மாதிரி இருந்துச்சாப்பா?’ என்று கேளுங்கள்.