ராஸ்பெர்ரி பை-யில் கேம் இழுத்தால் முதலில் பெட்டியைத் திறவுங்கள்

பழைய வீடியோ கேம்களை ஆட ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியைப் பலர் வைத்திருக்கிறார்கள். ஏற்காட்டில் மணிக்கணக்காக ஓடும் பை 4, மே மாதத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டை வீடு ஒன்றில் கால் மணி நேரம்கூடத் தாங்காது. கணக்கு எளிது. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல் மூடிய அக்ரிலிக் பெட்டிக்குள் சிப், அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வையுங்கள். மலைமேல் 25 டிகிரி அறையில் அது 70. சேலத்தில் 38 டிகிரி அறையில் 83. சூடு 80-ஐத் தாண்டியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த நேரத்தில் ஓவர்கிளாக் செய்வது, அதாவது சிப்பின் வேகத்தை வழக்கத்துக்கு மேல் கூட்டுவது, எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு வைக்கிற வேலை.

கேம் எப்போது இழுக்கிறது, அதாவது திணறி மெதுவாகிறது, என்று கவனியுங்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு தடுமாறினால் பெரும்பாலும் சூடு. முதல் காட்சியிலேயே பாட்டு கரகரத்தால் மின்சாரம் அல்லது எமுலேட்டர் (பழைய கேம் மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள்). திரையின் மூலையில் வரும் குறியே பாதி பதில்: தெர்மாமீட்டர் என்றால் சூடு, மஞ்சள் மின்னல் என்றால் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே போய்விட்டது.

சூட்டுக்கு மருந்து மலிவுதான். தெர்மல் ஒட்டுப்பட்டையோடு அலுமினிய ஹீட்சிங்க், 5 வோல்ட் சின்ன ஃபேன். பை போர்டின் பின் வரிசையில் சிவப்பு ஒயர் 4-ஆம் பின், கறுப்பு 6-ஆம் பின். சத்தம் பொறுக்கவில்லை என்றால் சிவப்பை 1-ஆம் பின்னுக்கு மாற்றுங்கள், 3.3 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றும். டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள் வைத்தால் ஃபேன் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

மின்னல் குறிக்குப் பலரும் சார்ஜரை மாற்றுகிறார்கள், கேபிளை மாற்றுவதில்லை. சல்லிசாகக் கிடைக்கும் ஒரு மீட்டர் கேபிளில் மின்கம்பி 28 கேஜ் மெலிசு. போக வர சேர்த்து அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.43 ஓம். பை 3 போர்டு 1.2 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே அரை வோல்ட் போய்விடும்: 5.1 என்று கிளம்பியது சுமார் 4.58 ஆக வந்து சேரும். குட்டையான, தடித்த கேபிள் வாங்குங்கள். போனுக்கு வந்த 67 வாட் சார்ஜரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அந்த வாட் எல்லாம் போன் கேட்டால் மட்டுமே கிடைக்கும். பை கேட்காது, 5 வோல்ட்தான் வரும். 5 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று சார்ஜரின் பொடி எழுத்தில் பாருங்கள். பை 3-க்கு 2.5, பை 4-க்கு 3 வேண்டும்.

இவை இரண்டும் சரியான பிறகுதான் செட்டிங்ஸ் பக்கம் போக வேண்டும். எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் ஃப்ரேம் எண்ணிக்கையை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) திரையில் காட்டச் சொல்லுங்கள். 60 வர வேண்டும். ஐரோப்பியப் பதிப்பு கேம் என்றால் 50-தான் சரி, அதை விரட்டிப் பயனில்லை. நொடிக்கு 60 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட்தான் கெடு. பட்டன் தாமதத்தைக் குறைக்க ஃப்ரேமை முன்கூட்டியே கணக்கிடும் ரன்-அஹெட் வசதியை ஒரு ஃப்ரேம் வைத்தால் அந்தக் கெடுவுக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை. அதையும், கேமைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்டையும் அணையுங்கள். பழைய டிவி கோடுகள் வேண்டும் என்றால் கனமான ஷேடர்களை (படத்தின் தோற்றத்தை மாற்றும் வடிகட்டிகளை) விட்டு, பை-க்காகவே எழுதிய சிஆர்டி-பை போதும். மாற்றியதை அந்த கோருக்கான (ரெட்ரோஆர்ச்சுக்குள் இருக்கும் எமுலேட்டருக்கான) ஓவர்ரைடாக, அதாவது தனி செட்டிங்ஸாக, சேமிக்க மறந்தால் அடுத்த முறை பழையபடியே திறக்கும்.

நின்டெண்டோ 64 என்ற பழைய கேம் மெஷினின் கேம்கள் தனி வழக்கு. கேம் திறக்கும்போது ஒரு பட்டனை அழுத்தினால் வரும், ரெட்ரோபை மென்பொருளின் ரன்கமாண்ட் மெனுவில் ரெசல்யூஷனை 320x240 ஆக்குங்கள், வேறு எமுலேட்டரையும் போட்டுப் பாருங்கள். அப்படியும் சில கேம்கள் பை 3-ல் முழு வேகத்துக்கு வரவே வராது. மெமரி கார்டை மாற்றினால் கேம் சீக்கிரம் திறக்கும், ஃப்ரேம் கூடாது.

ஃப்ரேம் எண் 60-லேயே நின்றும் பட்டன் தாமதமாக வேலை செய்தால் பை மீது பழி இல்லை. ரிமோட்டை எடுத்து டிவியை கேம் மோடில் போடுங்கள்.