துக்க வருடத்தில் முளைக்கும் காதல்

இளையோர் நாவல்களில் அடிக்கடி வரும் கதை ஒன்று உண்டு. தாயையோ தந்தையையோ பறிகொடுத்த பதினேழு வயதுப் பிள்ளையைக் கோடை விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். துக்கம் ஆறுமுன்பே அங்கே ஒரு காதல் முளைக்கும். “கதைக்காகக் கட்டியது” என்று பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அதுவே நம் தெருவில் நடந்தால் உதட்டைப் பிதுக்குவதோடு நிற்க மாட்டார்கள்.

மதுரைப் பக்கம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். தை மாதம் அப்பாவை இழந்த ஒரு பெண். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பிளஸ் டூ தேர்வையும் எப்படியோ எழுதிவிட்டு, அப்பன்திருப்பதியில் இருக்கும் அம்மாச்சி வீட்டுக்கு வந்திருக்கிறாள். துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் கோயில் படி ஏறக்கூடாது என்பதில் அம்மாச்சி கண்டிப்பு. ஆனால் சித்திரையில் அழகரே மலையிறங்கி, அந்தச் சாலை வழியாகத்தான் மதுரைக்கு வருகிறார். வாசலோடு நின்று பார்ப்பவளின் கண்ணில், எதிரே அழகர் தங்கிப்போகும் மண்டகப்படியில் மோர் ஊற்றிக்கொடுக்கும் பையன் படுகிறான். அந்த வாரமே இருவரும் மாடிக்கு மாடி பேசிக்கொள்கிறார்கள். “அப்பன் செத்த ஈரம் காயவில்லை, அதற்குள் இவளுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது?” என்று ஊர் கேட்கிறது.

ஊர் கேட்பது தவறு என்பது என் கட்சி. இரக்கப்பட்டுச் சொல்லவில்லை, மூளை வேலை செய்யும் விதமே அப்படி.

நடுமூளையின் ஒரு சிறு பகுதியிலிருந்து டோபமைன் என்ற ரசாயனம் மற்ற இடங்களுக்குப் போகிறது. அதை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். உண்மையில் இன்பத்தைவிட வேட்கைக்குத்தான் அது நெருக்கம். ‘வேண்டும், தேடு, போ’ என்று உந்துவது அதன் வேலை. ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரன், லூசி பிரவுன் ஆகியோரின் குழு 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தீவிரக் காதலில் இருந்த 17 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, காதலிப்பவரின் படத்தைக் காட்டினார்கள். அந்த நடுமூளைப் பகுதியில் செயல்பாடு கூடியது.

2008இல் மேரி-ஃபிரான்சஸ் ஓ’கானரின் குழு வேறொரு கூட்டத்தை ஸ்கேன் செய்தது. மார்பகப் புற்றுநோயில் தாயையோ சகோதரியையோ இழந்த பெண்கள் அவர்கள். இறந்தவரின் படத்தைப் பார்த்தபோது வலியோடு தொடர்புடைய பகுதிகள் எல்லோருக்குமே இயங்கின. துக்கம் தணியாமல் நீடித்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியும் இயங்கியது. நடுமூளையின் டோபமைன் வந்து சேரும் முக்கியமான இடம் அது. ஏக்கம் அதிகம் என்று சொன்னவர்களிடம் இயக்கமும் அதிகம் இருந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இரண்டாவதில் இருந்தவர்கள் பதின்வயதினரும் அல்லர். ஆனாலும் இறந்தவருக்காக ஏங்குவதும் புதிதாக ஒருவரைத் தேடுவதும் மூளையின் ஒரே வேட்கை அமைப்பைத் தொடுகின்றன என்று கொள்ள இடமிருக்கிறது. ஒன்று இருக்கும்போது மற்றது நுழைய முடியாது என்பதற்கு அங்கே பூட்டு எதுவும் இல்லை.

காதல் ஏன் சொந்த வீட்டில் வராமல் அம்மாச்சி வீட்டில் வந்தது? எனக்கு இந்தக் கேள்விதான் அதிகம் பிடிக்கும். நார்வேயின் டிரோண்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் ஆய்வகம் இருக்கிறது. 2014இல் நோபல் பரிசு பெற்றவர்கள். அங்கே 2013இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வில் விசித்திரமான நரம்பணுக்கள் சில தென்பட்டன. ஒரு பொருள் முன்பு இருந்த இடத்துக்கு எலி வரும்போது, இப்போது அங்கே பொருள் இல்லை என்றாலும், அவை துடித்தன. பொருளை எடுத்துப் பல நாள் ஆன பிறகும் துடித்தன. எலிக்கூண்டில் இருந்த பொருளும் ஒரு பெண்ணின் அப்பாவும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துக்கத்தை ஓ’கானர் விளக்குவதும் இந்த வழியில்தான்: நெருங்கியவர் எங்கே, எப்போது இருப்பார் என்று மூளை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது, சாவு நடந்த அன்றே அது திருத்தப்படுவதில்லை. தன் வீட்டில் இருந்த நாட்களில், ராத்திரி ஏழரைக்குத் தெருமுனையில் டிவிஎஸ் ஐம்பதின் சத்தம் கேட்டால் அவள் காது நிமிர்ந்தது. ஸ்டாண்டு போடும் ஓசைக்கு ஒரு நொடி காத்திருந்து, பிறகுதான் நினைவு வந்தது. இப்படி நூறு முறை ஏமாந்துதான் வரைபடம் மாறுகிறது. அம்மாச்சி வீட்டில் அப்பாவின் நாற்காலி இல்லை, வண்டி நிறுத்தும் மூலை இல்லை. தூண்டுதல் குறைகிறது, துக்கத்துக்கு இடைவெளி கிடைக்கிறது.

அந்த இடைவெளிக்கு ஆய்வாளர்கள் மதிப்புக் கொடுக்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று பலர் படித்திருப்பார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. படிப்படியாக ஏறிக் கடக்கும் ஏணியாகத் துக்கத்தைப் பார்க்க ஆதாரம் வலுவாக இல்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் வேறு மாதிரி சொன்னார்கள். இழப்பை நோக்கி ஒரு முறை, வாழ்க்கையை நோக்கி ஒரு முறை என மனம் மாறி மாறிப் போய்வருகிறது. அந்தப் போக்குவரத்தே துக்கம் ஆறும் வழி. காலையில் அப்பாவின் சட்டையை முகர்ந்து அழுதவள் மாலையில் மாடியில் சிரிக்கிறாள் என்றால் காலையில் அழுதது பொய்யாகிவிடாது.

பதின்வயதில் இந்த ஊசலாட்டம் இன்னும் வேகம். ஆசையை உந்தும் அமைப்பு அப்போதே முழு வீச்சில் இருக்கிறது. நிதானிக்கச் சொல்லும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முதிர்கிறது. பருவமடைந்த பின் உறக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதும் இரவில் தள்ளிப்போகிறது. நடு இரவிலும் சுவர் சூடு தணியாத சித்திரையில், தூக்கம் வராத இரண்டு பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து மாடிகளில் இருந்தால் பேசாமல் என்ன செய்வார்கள்?

படபடப்பும் தன் பங்குக்கு வேலை செய்யலாம். கனடாவின் வான்கூவர் அருகே, ஆற்றுக்கு மேலே உயரத்தில் ஆடும் ஒரு தொங்குபாலத்தில் உளவியலாளர்கள் டொனால்ட் டட்டனும் முன்பு சொன்ன ஆர்தர் ஆரனும் செய்த சோதனை 1974இல் வெளியானது. பாலத்தில் தன்னைப் பேட்டி கண்ட பெண்ணின் எண்ணை வாங்கிய ஆண்களில் பாதிப் பேர் பின்னர் அவரை அழைத்தார்கள். அசையாத தாழ்ந்த பாலத்தில் எட்டில் ஒருவர்தான். பயத்தின் துடிப்பை ஈர்ப்பு என்று மனம் கணக்கெழுதிவிட்டது என்பது அவர்கள் விளக்கம். அந்த விளக்கம் பின்னர் கேள்விக்கு உள்ளானதும் உண்டு. அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தின் வேட்டுச் சத்தமும், தோப்பறை என்ற தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரும் நெஞ்சில் கிளப்பும் துடிப்பை யார் கணக்கில் எழுதுவது என்பதை நான் முடிவு செய்யப்போவதில்லை.

ஆபத்து ஜூனில் வருகிறது. கல்லூரியில் சேர வேண்டும். அவள் ஊர் திரும்புகிறாள். பையன் கோயம்புத்தூர் போகிறான். பிரிவு என்ன செய்யும் என்பதற்கும் ஓர் எலி ஆய்வு உண்டு. பிரெய்ரி வோல் என்ற எலி இனம் ஜோடியாக வாழும். ஆலிவர் பாஷ், லாரி யங் ஆகியோரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெண் துணையைப் பிரிந்த ஆண் எலிகள் நீரில் விட்டபோது போராடாமல் வெறுமனே மிதந்தன. சகோதரனைப் பிரிந்தவை அப்படிச் செய்யவில்லை. மன அழுத்தத்தைக் கிளப்பும் சி.ஆர்.எஃப் என்ற ரசாயனத்தின் வேலையை மருந்தால் தடுத்தபோது அந்தச் சோர்வும் வரவில்லை. இதைவிட முக்கியமானது, துணையோடு சேர்ந்திருந்த எலிகளின் மூளையிலும் அந்த ரசாயனத்துக்கான ஏற்பாடு கூடியிருந்தது. பிரிந்தால் வலிப்பதற்கான வேலை சேர்ந்திருக்கும்போதே தொடங்கிவிடுகிறது போலும். அவளுக்கோ, பழைய வீட்டில் ஏழரை மணி வண்டிச் சத்தமும் அப்படியே காத்திருக்கிறது.

அந்த மாதங்களில் வீட்டார் எதைக் கவனிப்பது? அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022இல் நீடித்த துக்கத்தை ஒரு நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு ஓராண்டும், சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் ஆறு மாதமும் கடந்த பிறகே அந்தப் பெயரைச் சூட்டலாம். ஏறக்குறைய தினமும் தீராத ஏக்கம், மரத்துப்போன உணர்ச்சி, வாழ்வில் பொருளில்லை என்ற எண்ணம், நண்பர்களோடு திரும்பச் சேர முடியாமை ஆகியவை அடையாளங்களில் சில. மோர் ஊற்றிய பையனோடு பேசிச் சிரிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவை தெரிந்தால், அல்லது பிள்ளை சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.