இருமினால் ஒரு மதிப்பெண் குறையும்

தொண்டை வலி என்று இங்கிலாந்தில் மருந்துக்கடைக்குப் போனால், மருந்தாளுநர் கேட்பவற்றில் ஒன்று, "இருமல் இருக்கிறதா?" என்பது. "ஆமாம், இரண்டு நாளாக விடாத இருமல்" என்று சொன்னீர்களானால் ஆன்டிபயாடிக் கிடைக்கும் வாய்ப்பு அங்கேயே குறைந்துவிடுகிறது.

2024 ஜனவரி 31 முதல் அங்கே ‘பார்மசி ஃபர்ஸ்ட்’ திட்டம் நடக்கிறது. தொண்டை வலி, சைனஸ், சிறுவர்களின் காது வலி, அக்கி, பெண்களின் சிறுநீர்த் தொற்று உள்பட ஏழு தொல்லைகளுக்கு டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்து தரலாம். மருந்தாளுநரின் மனம்போன போக்கில் அல்ல. யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்று எழுதி, மருத்துவர் கையெழுத்திட்ட ஆணைப்படி.

தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையா என்று பார்க்க ஐந்து மதிப்பெண். கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல், டான்சிலில் சீழ், கடுமையான வீக்கம், நோய் தொடங்கி மூன்று நாளுக்குள் வந்திருப்பது, இருமலும் சளியும் இல்லாமை: ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வைரஸ் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் என்று வழியெல்லாம் பரவுவதால் இருமல் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடும்; ஆன்டிபயாடிக் வேலை செய்வது அதனிடம்தான், வைரஸிடம் அல்ல. நான்கோ ஐந்தோ வாங்கியவர்களில்கூட 100-க்கு 62 முதல் 65 பேரிடம்தான் அந்த பாக்டீரியா இருக்கும். பூஜ்யமோ ஒன்றோ என்றால் வலி மாத்திரையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ‘தொண்டைக்கு நாலு மாத்திரை கொடுங்க’ என்று கேட்டே பழகிய நமக்கு இது போலீஸ் விசாரணை போலத் தோன்றும். எனக்கென்னவோ, இல்லை என்று சொல்ல ஒரு கணக்கு கையில் இருப்பதுதான் இத்திட்டத்தின் பெரிய பலமாகப் படுகிறது.

அக்கிக்குக் கணக்கு வேறு. அங்கே கடிகாரம்தான் முக்கியம். அசைக்ளோவிர் மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பெருகியதை அழிக்காது. அதனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது.

ஃப்ளூ தடுப்பூசியை 2015 முதலே அரசுச் செலவில் மருந்துக்கடைகளில் போடுகிறார்கள். ஊசி குத்துவது நொடி வேலை, பாடெல்லாம் குளிர்பெட்டியோடுதான். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். வெப்பம் ஏறினால் மட்டுமல்ல, உறைந்தாலும் தடுப்பூசி கெட்டுவிடும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்குப் பழையபடியே தெரியலாம். கண்ணை நம்ப முடியாததால், முந்தைய நாளிலிருந்து வெப்பநிலை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று தினமும் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள்.