யூரோப்பாவின் கடலில் மூளை வளருமா?

சூரியக் குடும்பத்துக்குள் அறிவுள்ள உயிரைத் தேடுவதென்றால், செவ்வாயை விட வியாழனின் நிலவான யூரோப்பாவில் தேடுவதே மேல். அங்கே 15 முதல் 25 கிலோமீட்டர் தடிமனான பனி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது. பூமியின் கடல்நீர் மொத்தத்தையும் போல இரு மடங்கு தண்ணீர் அதில் இருக்கலாம் என்கிறது கணக்கு.

சூரியனிலிருந்து அவ்வளவு தொலைவில் அது ஏன் உறையவில்லை? யூரோப்பா 3.55 நாளில் வியாழனைச் சுற்றுகிறது. அதற்குள் வியாழனின் இன்னொரு நிலவான அயோ இரண்டு சுற்று முடித்துவிடும். கனிமீடு என்ற நிலவு அரைச் சுற்றுதான் போயிருக்கும். இந்தத் தாளத்தால் யூரோப்பாவின் பாதை முழு வட்டமாகாமல் சற்றே நீண்டு நிற்கிறது. வியாழனை நெருங்கும்போது அதன் உடல் இழுபடும், விலகும்போது தளரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் மடிப்பு சுடுமே, அதே சூடுதான்.

இந்தக் கடலை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வியாழனின் காந்தப்புலம் யூரோப்பாவின் மேல் திசை மாறி மாறி விழுகிறது. 2000 ஜனவரியில் கலிலியோ விண்கலம் அருகே பறந்தபோது, யூரோப்பாவுக்குள்ளிருந்து எழும் புலமும் கூடவே திரும்புவதைக் காந்தமானி பதிவுசெய்தது. உள்ளே மின்சாரம் கடத்தும் படலம் இருந்தால்தான் அப்படி நடக்கும். பனிக்கட்டி அந்த அளவுக்குக் கடத்தாது; உப்புநீர் கடத்தும்.

நுண்ணுயிர் வாழ இது போதலாம். மூளையின் பசி வேறு. நம் உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் செலவாகும் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. ஆக்ஸிஜன் இல்லாமல் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆக்டோபஸ் நீருக்குள்ளேயே புத்திசாலியாக வளர்ந்தது என்றால், பூமியின் கடல்நீரில் ஆக்ஸிஜன் கரைந்திருப்பதால்தான்.

வெளிச்சம் புகாத யூரோப்பா கடலில் ஒளிச்சேர்க்கைக்கு வழியில்லை. ஆனால் பனியின் மேற்பரப்பில் வியாழனின் கதிர்வீச்சுத் துகள்கள் மோதி நீர் மூலக்கூறுகளை உடைக்கின்றன. இலேசான ஹைட்ரஜன் தப்பிப் போக, ஆக்ஸிஜனில் ஒரு பகுதி பனியிலேயே சிக்கிக்கொள்கிறது. ஜூனோ விண்கலத்தின் அளவீட்டிலிருந்து 2024இல் வெளியான கணக்குப்படி, நிலவு முழுவதிலும் நொடிக்குச் சுமார் 12 கிலோ ஆக்ஸிஜன் உண்டாகிறது. நாளுக்கு ஏறத்தாழ 1,000 டன். பத்து லட்சம் மனிதர்களின் மூச்சுக்குச் சரியாகும். ஒரு கடலுக்கு இது மிகச் சொற்பம். அதுவும் பனி ஓட்டைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும்; இறங்கினால் அடித்தளப் பாறையின் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் கணிப்பில், நுண்ணுயிருக்கு வாய்ப்பு உண்டு. அறிவுள்ள உயிருக்கு மிகக் குறைவு. அப்படியொன்று இருந்தாலும் வானொலி அலை உப்புநீரைத் தாண்டி வராது, நீருக்குள் நெருப்பு மூட்டி உலோகம் உருக்கவும் முடியாது. நம் ஆன்டெனாக்களுக்கு எதுவும் கேட்காததை வைத்து அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

2024 அக்டோபர் 14இல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். அதன் ராடார் ஓட்டுக்குள் உப்புநீர்த் தேக்கங்களைத் தேடும். ஆக்ஸிஜன் கீழே இறங்கும் பாதை இருந்தால், அது பெரும்பாலும் அந்தத் தேக்கங்கள் வழியாகத்தான்.