ரெக்கரன்ட், டி நோவோ: ரிஜெக்‌ஷன் அல்லாத இரண்டு

சென்னையில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களின் வீட்டாரிடம் பேசினால், புதுக் கிட்னியில் எது கெட்டாலும் "ரிஜெக்‌ஷன் ஆயிடுச்சு" என்பார்கள். பயாப்சி அறிக்கையில் 'ரெக்கரன்ட்' என்றோ 'டி நோவோ' என்றோ இருந்தால் அது ரிஜெக்‌ஷன் அல்ல. வந்த உறுப்பை அந்நியம் என்று உடல் தாக்குவதுதான் ரிஜெக்‌ஷன், அதாவது நிராகரிப்பு.

ரெக்கரன்ட் என்பதன் வேர் லத்தீனில் 'திரும்ப ஓடிவருதல்'. சொந்தச் சிறுநீரகத்தைத் தின்ற அதே நோய், மாற்றி வைத்ததிலும் வந்து உட்காருவது. "கிட்னியே புதுசு, பழைய வியாதி எங்கிருந்து டாக்டர் வரும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் பொருத்துகிறார்கள். அதனால் பழையதிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி இல்லை. ஐஜிஏ நெஃப்ரோபதி (ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் சிறுநீரகத்தில் படிவது) போன்ற நோய்களுக்கு வேர் சிறுநீரகத்திலேயே இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது. ஆக்சலேட் உப்பு அளவுக்கு மீறிச் சேரும் பிறவி நோயில் கோளாறு கல்லீரலில். பரம்பரை நீர்க்கட்டி நோயோ சிறுநீரகத்தின் சொந்தக் கோளாறு, அதனால் புதியதில் திரும்புவதில்லை.

1954 டிசம்பரில் பாஸ்டனில் ரொனால்டு ஹெரிக் தன் சிறுநீரகத்தை ரிச்சர்டுக்குக் கொடுத்தார். ஒரே அச்சில் பிறந்த இரட்டையர்கள், நிராகரிப்புக்கு இடமே இல்லை. வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அதுதான். அந்தச் சிறுநீரகத்திலும் ரிச்சர்டின் பழைய அழற்சி திரும்பியது, 1963இல் இறந்தார். ரிஜெக்‌ஷன் வேறு, ரெக்கரன்ஸ் வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டி நோவோவும் லத்தீன், 'புதிதாக' என்று பொருள். சென்னை அரசு பொது மருத்துவமனையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் உயர் நீதிமன்றத்திலும் இதே சொல் புழங்குகிறது. அங்கே டி நோவோ விசாரணை என்றால் பழைய வழக்கையே முதலிலிருந்து நடத்துவது. மருத்துவத்தில் அதுவரை இல்லாத நோய் மாற்றுச் சிறுநீரகத்தில் முளைப்பது. மாற்றுக்குப் பின் நிராகரிப்பைத் தடுக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு மாத்திரைகளால் சர்க்கரை நோய் வந்து, அது சிறுநீரகத்தைப் பாதிப்பது ஒரு வகை. ஆல்போர்ட் நோய் இன்னும் விசித்திரம். அந்த நோயாளியின் உடலில் பிறவியிலேயே ஒருவகைக் கொலாஜன் புரதம் சரியாக இருக்காது. புதுச் சிறுநீரகம் அதைக் கொண்டுவரும். முன்பின் பார்க்காத அந்தப் பொருளுக்கு எதிராகச் சிலருடைய உடல் எதிர்ப்பொருள் தயாரித்து, புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும். பார்வைக்கு நிராகரிப்பு மாதிரி இருந்தாலும், அந்த ஒரு பொருளைக் குறிவைக்கும் தனி நோய் என்பதால் இதையும் டி நோவோ என்றே சொல்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ரெக்கரன்ஸுக்கு 'மீட்சி' என்று போட்டால் வம்பு. நோயாளி நோயிலிருந்து மீண்டாலும் மீட்சிதான், நோயே மீண்டு வந்தாலும் மீட்சிதான். 'மீள்நோய்' என்றாலும் அந்தக் குழப்பத்தின் சாயல் ஒட்டியிருக்கும். 'மறுவரவு நோய்' எனக்குப் பிடிக்கிறது. போனது திரும்ப வந்தது என்பது தெளிவு. அதற்கு இணையாக டி நோவோவைப் 'புதுவரவு' என்றால் ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தி.நகர் ஜவுளிக்கடைப் பலகைதான் கண்முன் நிற்கிறது. 'புதிதாய்த் தோன்றிய நோய்' என்று கொஞ்சம் நீட்டியே எழுதலாம். வார்டில் நர்ஸம்மா எப்படியும் "பழசு திரும்பிடுச்சுமா", "இது புதுசா வந்ததுமா" என்றுதான் சொல்லப்போகிறார்.