டம்ப்ளிங் கொழுக்கட்டை அல்ல

அமெரிக்கத் தென்மாநிலச் சமையல் காணொளி எதைத் தமிழ்க் குரலில் கேட்டாலும், கோழிச்சாற்றில் மாவைப் போட்டு வேகவைக்கும் 'சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ்' வந்ததும் 'கோழியும் கொழுக்கட்டையும்' என்று சொல்லிவிடுகிறார்கள். மோனை நன்றாக அமைந்துவிட்டதால் யாரும் அதை மாற்ற மனம் வைப்பதில்லை போலும். எழுத்திலும் இதே கதை. பொருள் சரியா என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?

முதலில் சொல்லின் கதை, அது சிறியதுதான். 'டம்ப்ளிங்' ஆங்கிலத்தில் 1600 வாக்கில் தென்படுகிறது. இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் வட்டாரத்தோடு சேர்த்தே அதைச் சொல்வார்கள். கடைசியிலுள்ள 'லிங்' சிறுமை விகுதி. வாத்துக்குஞ்சை 'டக்லிங்' என்பதில் இருப்பதும் அதுவே. முன்பாதியான 'டம்ப்' எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நார்ஃபோக்கில் அது ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்துக் கொதிநீரில் வேகவைத்த வெறும் மாவு. உள்ளே பூரணம் எதுவும் கிடையாது. பிற்காலத்தில் சீனத்து ஜியாவ்ஸி, போலந்தின் பியரோகி, இத்தாலியின் நியோக்கி, நேபாளத்து மோமோ என்று பார்த்ததையெல்லாம் ஆங்கிலேயர் இதே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். பூரணம் வைத்ததும் டம்ப்ளிங், வைக்காததும் டம்ப்ளிங், ஆவியில் வெந்ததும் டம்ப்ளிங், குழம்பில் வெந்ததும் டம்ப்ளிங். ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்தான் வேண்டும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் தேடுகிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி 'சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ்' என்ற பண்டத்தைப் பார்ப்போம். முழுக்கோழியை வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலையோடு சிறுதீயில் வேகவைத்துச் சாறு எடுப்பார்கள். முட்டையிட்டு ஓய்ந்த முற்றல் கோழியாக இருந்தால் நேரம் கூடும், சாறும் ருசிக்கும். கறியைப் பிய்த்து வைத்துவிட்டு, 2 கப் மைதாவுக்கு 1 மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் வெண்ணெய், முக்கால் கப்புக்குச் சற்று ஏறக்குறையப் பால் என்று கலந்து, அதிகம் பிசையாமல், கரண்டியால் எடுத்துக் கொதிக்கும் சாற்றில் அப்படியே விடுவார்கள். பிறகு மூடிபோட்டு ஒரு கால்மணி நேரம் திறக்கவே கூடாது. அடிப்பாதி சாற்றில் வேகும், மேல்பாதி ஆவியில் வேகும். இடையில் திறந்தால் ஆவி போய் மாவு அமுங்கிவிடும். வெந்தபின் பிய்த்த கறியைத் திரும்பப் போட்டால் முடிந்தது. மாவிலிருந்து கரைந்த பகுதியே சாற்றைக் கெட்டியாக்குகிறது.

இது பொங்கும் வகை. பேக்கிங் பவுடரை 1843இல் பர்மிங்காம் மருந்துக்கடைக்காரர் ஆல்ஃபிரட் பேர்ட் உருவாக்கினார். அது புழக்கத்துக்கு வந்த பின்பே இவ்வளவு எளிதாயிற்று. இன்னொரு வகையில் மாவைச் சப்பாத்திபோல் மெல்லத் தேய்த்துப் பட்டைபட்டையாக வெட்டிச் சாற்றில் போடுவார்கள். அப்பலேச்சிய மலைப்பகுதிகளில் இதற்கு 'ஸ்லிக்கர்ஸ்' என்றும், வட கரோலினாவின் கிழக்கில் முழுப் பண்டத்துக்குமே 'சிக்கன் பேஸ்ட்ரி' என்றும் பெயர். எது அசல் என்ற சண்டை அங்கே ஓயாது. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: இரண்டிலுமே பூரணம் இல்லை, இரண்டுமே கோழிச்சாற்றுக்குள் வெந்து அதைக் குடித்து நிற்பவை.

இதையா கொழுக்கட்டை என்பது? கொழுக்கட்டை தனியே ஆவியில் வெந்து, தனியே தட்டில் வந்து அமர்கிற பண்டம். முன்னே ஒரு சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் அது உள்ளே இருப்பதைக் காட்டும். எள்ளுக் கொழுக்கட்டையில் எள் உள்ளே, தேங்காய்க் கொழுக்கட்டையில் தேங்காய் உள்ளே, உளுந்துக் கொழுக்கட்டையில் உளுந்து உள்ளே. ஆக 'கோழிக் கொழுக்கட்டை' என்றால் தமிழ்க்காதுக்குக் கோழிக்கறி அடைத்த கொழுக்கட்டைதான் கேட்கும். 'கோழியும் கொழுக்கட்டையும்' என்று 'உம்' போட்டாலும் தொல்லை தீராது. அப்போது தட்டின் ஒரு பக்கம் கோழி, மறுபக்கம் பிள்ளையார் சதுர்த்தி. ஒரே பானையில் ஒன்றாய் வெந்தவற்றை 'உம்' பிரித்துவிடுகிறது.

'பால் கொழுக்கட்டை இல்லையா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, எதிர்த்தரப்பிடம் இருக்கும் ஒரே நல்ல வாதமும் இதுதான். பால் கொழுக்கட்டையில் அரிசிமா உருண்டைகள் பாலுக்குள்ளேயே வேகின்றன, பாலையும் கெட்டியாக்குகின்றன. செயல்முறை பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பொருளைத் திருப்புவது 'பால்' என்ற அடைமொழி. பாலை உள்ளே வைத்துப் பிடிக்க முடியாது என்று கேட்பவருக்குத் தெரியும். கோழியை உள்ளே வைக்க முடியும். அதனால் அந்த உதாரணம் இங்கே கைகொடுக்காது.

பூரணம் வைக்கும் வழக்கம் நமக்கு எவ்வளவு பழையது என்பதற்குச் சங்க நூலான மதுரைக்காஞ்சியே சாட்சி: 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்'. அந்தக் 'கவவு' என்பதுதான் உள்ளீடு. ஜியாவ்ஸிக்குக் கொழுக்கட்டை என்று எழுதுங்கள், பாதியாவது ஒத்துக்கொள்கிறேன். அதில் கவவு இருக்கிறது. அமெரிக்கப் பண்டத்தில் எங்கே இருக்கிறது?

இன்னொரு கூட்டம் 'மாவுருண்டை' என்கிறது. தனித்தமிழ் ஆர்வலர்களுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும், ஆனால் இருக்கிற தமிழைத் தெரிந்துகொண்டு தனித்தமிழ் செய்ய வேண்டும். செட்டிநாட்டில் போய் மாவுருண்டை கேளுங்கள். வறுத்த பாசிப்பருப்பு மாவில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடித்த இனிப்பு வரும். அதைக் கோழிச்சாற்றில் போடச் சொல்கிறீர்களா? மேலும், பட்டையாக வெட்டிப் போடும் வகையில் உருண்டை எங்கே இருக்கிறது? சொல்லைப் புதிதாய் ஆக்குகிறவர்கள் அகராதியைப் புரட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்து ஊர் அடுப்பங்கரையை எட்டிப்பார்ப்பதில்லை.

பார்த்திருந்தால் சொல் அங்கேயே கிடைத்திருக்கும்: தக்கடி. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடலோர ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் அரிசிமாவில் தேங்காய், வெங்காயம் சேர்த்துப் பிசைந்து, பிடித்து, ஆட்டுக்கறிக் குழம்பில் சேர்க்கும் பண்டம். மாவு கறிச்சாற்றை உறிஞ்சும், குழம்பு கெட்டிப்படும். நாம் தேடும் கருத்து அப்படியே இருக்கிறது, பல தலைமுறைகளாகத் தமிழர் வாயில் புழங்கும் சொல்லாகவும் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் மத்திய கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடுகளில் 'பிடியும் கோழியும்' உண்டு. அதுவும் நெருங்கிய உறவுதான். ஆனால் தமிழில் வெறும் 'பிடி' என்றால் ஒரு பிடிச் சோறும் நினைவுக்கு வரும், பிடிவாதமும் வரும்.

தக்கடி அரிசி, அது கோதுமை என்று மறுப்பு வரும். ரவையில் செய்தாலும் இட்லியை இட்லி என்றுதான் சொல்கிறோம். தானியம் மாறியதால் பெயர் மாற வேண்டியதில்லை. வேகும் முறையும் உண்ணும் முறையும் ஒத்தால் போதும். 'கோழித் தக்கடி' என்று எழுதினால் 'உம்' தொல்லையும் ஒழிகிறது, மீன்குழம்புபோல் ஒரே பண்டமாக நிற்கிறது. தேய்த்து வெட்டும் வகையைப் பட்டைத் தக்கடி என்று பிரிக்கலாம். மோமோவுக்கு இதெல்லாம் வேண்டாம். அது தன் பெயரோடே நம் தெருவண்டிக்கு வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

தக்கடி பிடிக்காதவர்கள் 'டம்ப்ளிங்' என்றே எழுதட்டும், எனக்கு மனத்தாங்கல் இல்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல். ஆனால் அதிலும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. இதே சமையல் காணொளிகளில் 'பிஸ்கட் மாவைக் கரண்டியால் விடுங்கள்' என்று வரும். தென்மாநில அமெரிக்கர் 'பிஸ்கட்' என்பது சூடாக, மெத்தென்று, பிய்த்துத் தின்னும் சிறு ரொட்டி. தமிழ் வாசகர் டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருப்பதை நினைத்துக்கொண்டு, அதைப் பொடித்துக் கோழிச்சாற்றில் போட வேண்டுமோ என்று விழிப்பார். 'கிரேவி' என்பதைக் குழம்பு என்று எழுதியதும் மிளகாய்த்தூள் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதில் மிளகாய்த்தூளே கிடையாது, மிளகுதான்.