சூரியனை ஆழம் பார்க்கும் அகச்சிவப்பு

"அகச்சிவப்பு என்றாலே வெப்பம்தானே? முழுக்கத் தகிக்கும் சூரியனில் ஒரு வெடிப்பை மட்டும் அதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தத் தகிப்பு அப்படியே நிற்கிறது. அதைக் கழித்துவிட்டால், சில நிமிடங்களில் கூடிக் குறையும் வெளிச்சம் தனியாகத் தெரியும். ஆனால் அகச்சிவப்பின் உண்மையான வேலை ஆழம் பார்ப்பது.

இந்த வெடிப்பின், அதாவது சோலார் ஃபிளேரின், கதை தெரிந்ததுதான். முறுக்கேறிய காந்தப்புலம் சட்டென மாறி இணைகிறது, எலக்ட்ரான்கள் பாய்ந்து, நாம் காணும் பரப்புக்கு மேலுள்ள அடுக்கான நிறக்கோளத்தில் மோதுகின்றன, எக்ஸ் கதிர் பீறிடுகிறது.

சூரியனுக்குத் தரை கிடையாது. எந்த அலைநீளத்தில் பார்க்கிறோமோ, அதற்கேற்ற ஆழத்தில் பார்வை நின்றுவிடும். நிறுத்துகிற ஆசாமிதான் எனக்கு மிகப் பிடித்தவர்: ஹைட்ரஜன் எதிர் அயனி. ஹைட்ரஜன் அணுவில் கூடுதலாக ஓர் எலக்ட்ரான் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அது மெக்னீசியம், சோடியம் போன்ற அணுக்கள் இழந்தது. பிணைப்பு வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் எது வந்தாலும் அதை விழுங்கி எலக்ட்ரானை உதறிவிடும். 1939-இல் வானியலாளர் ரூபர்ட் வில்ட் இதைச் சொன்னார். கணக்கைத் துல்லியமாகப் போட்டுக் காட்டியவர் சந்திரசேகர்.

அலைநீளம் கூடினால் ஒளித்துகளின் ஆற்றல் குறையும். 1.64 மைக்ரானைத் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் அதனிடம் அந்த 0.75 கூட இருக்காது. உதறல் நின்றுவிடும். அப்புறம் வேறொரு வழி தலையெடுக்கும்: ஹைட்ரஜன் அணுவருகே கடந்துபோகும் கட்டற்ற எலக்ட்ரானும் ஒளியை உறிஞ்சும். அலைநீளம் கூடக் கூட இது வலுக்கும். முதலாவது ஓய்ந்து, இரண்டாவது வலுக்காத 1.6 மைக்ரான் பக்கத்தில்தான் உறிஞ்சல் மிகக் குறைவு. பார்வை, நாம் காணும் ஒளி புறப்படும் அடுக்கான ஒளிக்கோளத்தின் அடிவரை இறங்குவது அங்கேதான்.

2003 அக்டோபர் 29 அன்று நிகழ்ந்த எக்ஸ்10 (மிக வலிமையான வகை) வெடிப்பை 1.56 மைக்ரானில் படம்பிடித்தபோது அந்த ஆழமும் பளிச்சிட்டது. மேலிருந்து பாயும் எலக்ட்ரான்களோ பெரும்பாலும் நிறக்கோளத்திலேயே தேங்கிவிடும். அப்படியானால் கீழே சூடேற்றியது யார்? சூடான நிறக்கோளம் கீழ்நோக்கி வீசும் கதிர்வீச்சே என்பது ஒரு விளக்கம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

10 மைக்ரானில் பார்வை மேலேயே நின்றுவிடும். அங்கே வெடிப்பு உடைத்த ஹைட்ரஜனின் எலக்ட்ரான்கள் புரோட்டான்களைக் கடக்கும்போது உமிழும் ஒளி தெரியும். அதிலிருந்து பிளாஸ்மாவின் அடர்த்தியை ஊகிக்கலாம். 2012 மார்ச் 13 வெடிப்பை பிரேசிலின் சாவோ பாலோவில் இப்படிப் பிடித்தது ஒரு சிறிய தொலைநோக்கியும் குளிரூட்டாத கேமராவும்தான். ராட்சதக் கருவிகளுக்கு மட்டுமே நிதி ஒதுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.